அம்மா அசையவே இல்லையாம், ஸ்கேன் மட்டும் ஏன் கலங்குச்சு?

கேள்வி: எங்கம்மாவுக்கு 62 வயசு. வயித்துக்கு எம்ஆர்ஐ எடுத்தோம், படம் கலங்கிருச்சு திரும்ப வாங்கன்னுட்டாங்க. அம்மா கைகாலைக்கூட அசைக்கலைங்கறாங்க. மெஷின் கோளாறா?
- வாசகி, அம்மாபேட்டை, சேலம்

பதில்: அம்மா சொல்றது நெசம்தாங்க, ஆனா மூச்சு விட்டாங்கல்ல, ஒவ்வொரு மூச்சுக்கும் கல்லீரல் ஒண்ணு ரெண்டு சென்டிமீட்டர் மேல கீழ போய்ட்டு வரும். அம்மாபேட்டைங்கறீங்க, தறிய வெச்சே சொல்றேன். நாடா ஓட ஓட ஒவ்வொரு ஊடையா விழுந்து சேலை ஏறுதுல்ல, எம்ஆர்ஐயும் வரி வரியாத்தான் சிக்னல் சேர்க்கும், போட்டோ மாதிரி ஒரே கிளிக் கிடையாது. ஆனா சேலையில ஒரு ஊடை தப்புனா அந்த இடத்துல மட்டும்தான் தெரியும், இங்க ஒவ்வொரு வரிக்கும் மொத்தப் படத்துலயும் பங்கு இருக்கு, அதனால பாதியில வயிறு நகர்ந்தா படம் பூராவும் கெடும். பிலிமை வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க, வயித்துச் சுவரோட நிழல் வளைவு வளைவா கல்லீரல் மேல விழுந்திருக்கும்.

வழி இருக்குங்க. 15, 20 செகண்ட் மூச்சை நிறுத்த முடிஞ்சா அதுக்குள்ள எடுத்துடலாம், சிக்னலைப் பிடிக்கற கம்பிச் சுருளுக்குக் காயில்னு பேரு, அப்படிப் பல காயில் ஒரே நேரத்துல கேட்டு பாதி வரியை விட்டுட்டு கணக்குப் போட்டு நிரப்பற முறை 1999லயே வந்துருச்சு, ஆனா ரொம்ப வேகம் கூட்டுனா படத்துல மணல் தூவுன மாதிரி ஆயிடும். மூச்சை இழுத்துப் பிடிக்கறதவிட வெளிய விட்டுட்டு நிறுத்தறது நல்லது, அப்பத்தான் ஒவ்வொரு தடவையும் ஈரல் ஏறக்குறைய ஒரே எடத்துல நிக்கும். வீட்லயே கடிகாரம் பார்த்து பழக்குங்க. முடியலைன்னா டெக்னீஷியன்கிட்ட முன்னாடியே சொல்லுங்க, வயித்துல பெல்ட் கட்டி மூச்சு அடங்கற நேரத்துல மட்டும் எடுப்பாங்க, இல்லைன்னா ஒரு ஸ்லைஸ, அதாவது வயித்தோட ஒரு அடுக்குப் படத்தை, ஒரு செகண்டுக்குள்ள முடிக்கற சிங்கிள் ஷாட் இருக்கு, கூர்மை கொஞ்சம் கம்மி ஆனா கலங்காது. மூச்சுப் பழக்காம ஒருத்தரை உள்ள அனுப்பறது தப்புன்னுதான் நான் சொல்வேன், வயசானவங்களுக்கு அந்த அஞ்சு நிமிஷம் ஒதுக்கியே ஆகணும்.

கேள்வி: ரெண்டு மாசக் குழந்தைக்கு தலையில எம்ஆர்ஐ. மயக்கம் குடுத்தே ஆகணுமா?
- வாசகர், ஏற்காடு

பதில்: எப்பவும் இல்லைங்க. பசிக்க விட்டு, ஸ்கேனுக்குக் கொஞ்சம் முன்னாடி பால் குடுத்து, துணியில இறுக்கிச் சுத்தி, காதை மூடுனா பல குழந்தைங்க தூங்கிடும். ஆனா மயக்க மருந்துன்னு முடிவாயிருந்தா பால் குடுக்கக் கூடாது, அதனால கேட்டுட்டுக் குடுங்க. தலைக்குன்னா சிக்னலைப் பட்டை பட்டையா சுத்திச் சுத்தி எடுக்கற முறையும் இருக்கு, ஒவ்வொரு பட்டையும் நடுவுல ஒண்ணு மேல ஒண்ணு விழறதால தலை எவ்ளோ திரும்புச்சுன்னு கண்டுபிடிச்சு மெஷினே சரி பண்ணும். 20 கொண்டை ஊசி வளைவு இறங்கறதுக்குள்ள கார்லயே தூங்கிட்டு, இங்க வந்ததும் முழிச்சுக்கும், கொஞ்சம் சீக்கிரமாவே கிளம்பிடுங்க.