பழைய டிராக்டர் என்ஜின் ஆஃப் ஆகவில்லை. பம்பை இறக்கித்தான் ஆகணுமா?

பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறைப் பக்கமிருந்து வந்த கேள்வி. மூன்று சிலிண்டர் பழைய டிராக்டர், ஆஃப் கம்பியை முழுக்க இழுத்தாலும் நிற்பதில்லை, பேட்டரி வயரைக் கழற்றியும் ஓடுகிறது, மெக்கானிக் டீசல் பம்பை (நாசில்களுக்கு டீசலை அளந்து தள்ளுவது) இறக்கச் சொல்கிறார் என்கிறீர்கள்.

இப்போதைக்கு பம்பில் கை வைக்க விடாதீர்கள். பேட்டரியைக் கழற்றியும் ஓடியதில் அதிசயம் ஒன்றுமில்லை. டீசல் என்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. அழுத்தத்தில் சூடேறிய காற்றிலேயே டீசல் பற்றிக்கொள்ளும். டீசலையோ காற்றையோ அடைத்தால்தான் நிற்கும். ஓடும்போது பேட்டரியைக் கழற்றினால் ஆல்டர்னேட்டர் டயோடு போவதுதான் மிச்சம்.

என்ஜினை ஓட்டாமலே ஒரு சோதனை. ஒருவர் சீட்டில் உட்கார்ந்து ஆஃப் கம்பியை இழுக்கட்டும், நீங்கள் பம்ப் பக்கம் நின்று பாருங்கள். எக்ஸலேட்டர் லீவர் வேறு, ஸ்டாப் லீவர் வேறு. ஸ்டாப் லீவர் அதன் கடைசி எல்லை வரை போய் முட்ட வேண்டும். பாதியில் நின்றால் கோளாறு கேபிளில். அடுத்து என்ஜினை ஐடிலில் ஓடவிட்டு, ஃபேன் பெல்ட்டிலிருந்து விலகி நின்று, அந்த லீவரைக் கையாலேயே கடைசி வரை தள்ளுங்கள். நின்றுவிட்டால் பம்ப் மேல் குற்றமில்லை.

பெரும்பாலும் விஷயம் இங்கேயே முடிந்துவிடும். சேற்றுழவு ஓடிய வண்டியில் கேபிளுக்குள் சேறு இறங்கி உள்கம்பி துருப்பிடிக்கும். அதைவிட அதிகம் கண்ணில் படாமல் போவது வெளியுறையைப் பிடிக்கும் கிளாம்ப். அது லூசானால் நீங்கள் இழுக்கும்போது உள்கம்பியோடு உறையும் சேர்ந்து நகரும், லீவர் அசையாது. உறை மேல் விரல் வைத்துப் பார்த்தாலே தெரியும். புதுக் கேபிள் போடுவதானால் பழையதின் நீளத்துக்கே வாங்குங்கள்; நீளம் கூடினால் மடித்துக் கட்டுவார்கள், அந்த மடிப்பில் கம்பி பிடிக்கும். மாட்டும்போது நாப் முழுக்க உள்ளே, லீவர் ஓடும் நிலையில், இரண்டு மூன்று மில்லிமீட்டர் தொய்வு. தொய்வே இல்லாமல் இறுக்கினால் டீசல் பாதி அடைபட்டு, இழுவை குறைந்து, ஸ்டார்ட் ஆவதும் சிரமமாகும்.

கையால் தள்ளியும் நிற்கவில்லையா? அப்போதுதான் பம்ப். டிபிஏ எனும் ரோட்டரி வகைப் பம்பில், டீசலை அளந்து விடும் மீட்டரிங் வால்வு துருவில் சிக்கியிருக்கலாம். முண்டகன் (இரண்டாம் போக நெல்) அறுவடைக்குப் பிறகு கால் டேங்க் டீசலோடு மாதக்கணக்கில் நிறுத்திய வண்டியில் டேங்குக்குள் தண்ணீர் சேரும், துரு அங்கிருந்துதான் ஆரம்பம். கவர்னர் மூடியைச் சமீபத்தில் யாராவது திறந்தார்களா என்றும் கேளுங்கள். உள்ளே இருக்கும் ஸ்டாப் பட்டையில் லீவரின் முனை சிக்காமல் மூடியிருந்தால் லீவர் சும்மா ஆடும். இன்லைன் வகைப் பம்பானால், டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் ராக் கம்பி இறுகியிருக்கும். இரண்டுமே டெஸ்ட் பெஞ்ச் வைத்திருக்கும் பம்ப் கடைக்குப் போக வேண்டிய வேலை. மரத்தடியில் பிரிக்கிற சமாசாரம் இல்லை.

சாவியில் ஆஃப் ஆகும் சோலினாய்டு (கரண்டில் இயங்கும் வால்வு) வகையானால் அதன் வயரைப் பிடுங்கிப் பாருங்கள். கரண்ட் போனால் டீசலை அடைக்கும் வகையில், பிடுங்கியதும் நின்றால் சாவி சுவிட்சோ வயரிங்கோ கோளாறு. நிற்காவிட்டால் உள்ளே பிளஞ்சர் சிக்கியிருக்கிறது.

இதுவரை சொன்னது ஐடிலில் ஒழுங்காக ஓடிக்கொண்டு நிற்க மறுக்கும் என்ஜினுக்கு. வேகம் தானாக ஏறி, சைலன்சரில் நீலப்புகை கக்கினால் கதை வேறு: என்ஜின் தன் ஆயிலையே எரிக்கிறது, பம்பை அடைத்தாலும் கேட்காது. ஆயில் பாத் ஏர் கிளீனரில் கோட்டுக்கு மேல் ஊற்றியிருந்தாலே இது நடக்கும். ஃபீட் பம்ப் டயஃப்ரம் கிழிந்து சேம்பரில் (என்ஜின் அடியிலுள்ள ஆயில் தொட்டி) டீசல் கலந்தாலும் நடக்கும். ஸ்டிக்கில் ஆயில் மட்டம் தானாக ஏறியிருந்து டீசல் வாடை அடித்தால் அதுதான். மேலும் ஓட்டாமல் டயஃப்ரத்தையும் ஆயிலையும் மாற்றுங்கள்.

அவசரத்துக்கு நிறுத்த: பிடிஓவை (பின்னால் கருவிகளை ஓட்டும் தண்டு) விடுவித்து, முன்னால் ஆளில்லை என்று பார்த்து, இரண்டு பிரேக் பெடலையும் கொக்கியால் இணைத்து, ஆக உயர்ந்த கியரில் போட்டு, பிரேக்கை அழுத்திக்கொண்டே கிளட்சைச் சட்டென விடுங்கள். லோ கியரில் செய்தால் பிரேக்கை மீறி வண்டி கிளம்பிவிடும். கேஜ் வீலோடு (சேற்றுழவுக்கு மாட்டும் இரும்புச் சக்கரம்) சேற்றில் நின்றால் சக்கரம் சுற்றிவிடும், என்ஜின் அமராது. அங்கே காற்றை அடைப்பதுதான் வழி. ஏர் குழாயின் வாயில் தட்டையான பலகையை வைத்து அழுத்துங்கள். உள்ளங்கை கூடாது, துணியும் கூடாது, உள்ளே இழுத்துக்கொள்ளும்.

ஐடிலில் ஓடும் வண்டிக்கு டேங்க் டேப்பை மூடினாலும் போதும், ஃபில்டரில் உள்ள டீசல் தீர்ந்து நிற்கக் கொஞ்சம் நேரமாகும். பிறகு டீசல் லைனில் புகுந்த ஏரை வெளியேற்றினால்தான் ஸ்டார்ட் ஆகும். அவசரத்தில் ஓடும் என்ஜினின் நாசில் பைப் நட்டைக் கழற்றாதீர்கள். அந்த அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். அப்படிப் பட்டால் காயம் ஊசி முனையளவே தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரி.