நாட்பட்ட நோயோடு இருப்பவர்கள் பண்டிகை நாட்களில் எப்படிச் சிரிக்கிறீர்கள்?

நோயை மறந்திருந்தால் சிரிப்பு தானாக வரும் என்பார்கள். எங்கள் வீட்டில் நடந்தது வேறு. நோயின் கணக்கு வழக்கை ஒளிக்காமல் எல்லோருக்கும் சொன்ன பிறகுதான் சிரிப்பு வந்தது.

நான் வெள்ளவத்தையில் இருக்கிறேன். சிறுநீரகங்கள் இரண்டும் செயலிழந்து, இயந்திரத்தால் இரத்தத்தைச் சுத்திகரிக்கும் டயலிசிஸில் இருப்பவள். குடிப்பதில் பெரும்பகுதி உடம்பிலேயே தேங்கிவிடும். ஒரு லீற்றர் குடித்தால் எடை ஒரு கிலோ ஏறும். டொக்டர் எனக்கு வைத்திருக்கும் நாளளவு 700 மில்லிலீற்றர். (இது ஆளுக்கு ஆள் மாறும், உங்கள் அளவை உங்கள் டொக்டரிடம் கேளுங்கள்.) தேத்தண்ணி, சொதி, பாயாசம், ஐஸ்கிறீம் எல்லாம் அந்த 700க்குள் அடங்க வேண்டும். அதோடு பொட்டாசியம். வாழைப்பழம், இளநி, தோடம்பழம், பேரீச்சம்பழம், பிளம்ஸ் என்று நல்லதாய்த் தெரியும் எல்லாவற்றிலும் அது இருக்கிறது. இரத்தத்தில் கூடினால் இதயத் துடிப்பே குழம்பிப்போகும்.

இதை வைத்துக்கொண்டு கொழும்பில் பண்டிகை கொண்டாட வேண்டும். தைப்பொங்கலுக்கு எங்கள் வீட்டுச் சர்க்கரைப் புக்கை. சித்திரையில் மேல்மாடிச் சிங்கள வீட்டிலிருந்து பாற்சோறும் கொக்கிஸும். பெருநாளுக்கு எதிர்வீட்டு வட்டிலப்பம். நத்தாருக்கு லவ் கேக். ஒரு பிளாட்டில் இருந்தால் எல்லா மதத்துப் பண்டிகையும் நம்முடையதுதான். தட்டுகள் படியேறி வந்தபடியே இருக்கும். வேண்டாம் என்று திருப்பி அனுப்ப எனக்கு மனம் வராது. அன்பாய்க் கொண்டு வருகிறார்கள், நானும் அன்பாய் வாங்குகிறேன், வீட்டில் பிள்ளைகள் சாப்பிடுகிறார்கள்.

வெசாக்தான் தனிக் கதை. டயலிசிஸ் முடிந்து காலி வீதியால் ஓட்டோவில் வரும்போது தன்சல்காரர், அதாவது வீதியோரம் பந்தல் போட்டு எல்லோருக்கும் இலவசமாய்ச் சாப்பாடும் குடிபானமும் கொடுப்பவர்கள், கொடியைப் பிடித்து மறித்து, கோப்பையைக் கையில் திணித்துவிடுவார்கள். குடிக்கும்வரை விடமாட்டார்கள், அவர்களுக்கு அது புண்ணியம். எனக்குத் தந்த பெலிமல்லையும் (வில்வம்பூ அவித்த பானம்) ஓட்டோக்காரத் தம்பிதான் குடித்தார். அடுத்த சந்தியில் கோப்பி, அதையும் அவரே குடித்தார். அதற்கும் அடுத்த சந்தியில் சிவப்புச் சர்பத்தோடு இரண்டு பொடியன்கள் ஓடிவந்தபோது அவர் திரும்பிப் பார்த்து, "அக்கா, இனி எனக்கும் ஏலாது" என்றார். இரண்டு பேரும் சிரித்து முடிய வெகு நேரமானது. ஒரு நோயாளிக்கும் நோயில்லாதவருக்கும் நடுவே இருக்கும் வேலி அந்த நேரத்தில் இல்லாமல் போனது. நான் தேடுவது அந்தச் சிரிப்பைத்தான்.

வீட்டுக்குள் அதைக் கொண்டுவந்தவள் அக்காவின் மகள். காலையில் ஒரு போத்தலில் 700 மில்லிலீற்றர் தண்ணீரை நிரப்பி மேசையில் வைப்பாள். நான் எதைக் குடித்தாலும் அதே அளவை அதிலிருந்து எடுத்துவிட வேண்டும். போத்தல் வெறுமையானால் அன்றைய கணக்கு முடிந்தது. தீபாவளியன்று வந்தவர்களுக்கு அந்தப் போத்தல் முன்னாலேயே பேரம் தொடங்கிவிட்டது.

"ஒரு வாய் தேத்தண்ணி குடிச்சா என்ன குறைஞ்சுபோகுது பிள்ளை?" இது மாமி.

"மாமிக்கு 50 தரலாம்" என்றாள் பெறாமகள்.

"அவருக்கு மட்டும் 80 குடுத்தனீ?"

"சித்தப்பா தூரத்தில இருந்து வந்தவர்."

"அப்ப நான் நடந்து வந்தது கணக்கில்லையோ? சரி, தேத்தண்ணி வேண்டாம். இளநி வெட்டுவம். அது தண்ணியில்லைத்தானே!"

புறக்கோட்டையில் புடவைக்குப் பேரம் பேசுவதுபோல் வீடே கூடிவிட்டது. நோயைப் பற்றிக் குரலைத் தாழ்த்திக் கதைத்தவர்கள் எல்லாம் மில்லிலீற்றரில் சண்டை பிடித்தார்கள். எண்ணைத் தெரிந்துகொண்டவர்களுக்குப் பயம் குறைந்துவிடுகிறது. பயம் குறைந்தால்தான் பகிடி விட முடியும்.

சிகிச்சை நிலையத்திலும் இதையே பார்க்கிறேன். ஊசி ஏற்றுமுன் எடை பார்ப்பார்கள். பண்டிகைக்கு மறுநாள் அந்தத் தராசின் முன்னால் நடப்பதைப் பார்க்க வேண்டும்! செருப்பு, கைக்கடிகாரம், வளையல், பொக்கெற்றில் கிடக்கும் சில்லறை எல்லாம் மேசைக்கு வந்துவிடும். கூடியிருக்கும் கிலோவைப் பார்த்தே, அது பாற்சோறா வட்டிலப்பமா என்று தாதி மிஸ் சொல்லிவிடுவார். தமிழ், சிங்களம், முஸ்லிம் என்று எல்லாக் கட்டிலிலும் ஒரே சிரிப்பு. சேர்ந்து சிரித்தவர்களுக்கு வலி தாங்கும் சக்தி கூடுகிறது என்று ஒக்ஸ்போர்ட்டின் ரொபின் டன்பாரும் அவரோடு சேர்ந்தவர்களும் 2011 இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில் காட்டினார்கள். தடித்த ஊசி இரண்டு கையில் ஏறும் நேரத்தில் அதை நான் முழுதாக நம்புகிறேன்.

ஒன்றை மட்டும் பிரித்து வைத்திருக்கிறேன். வந்தவர்கள் சங்கடப்படக் கூடாது என்பதற்காக நோயாளியே வலிந்து பகிடி விடுவது களைப்பைத்தான் தரும். அது விருந்தாளிக்குச் செய்யும் இன்னொரு உபசாரம். டயலிசிஸ் முடிந்த பின்னேரங்களில் உடம்பு அடித்துப் போட்டாற்போல் இருக்கும். அன்று தீபாவளியானாலும் நான் அறைக்குள் போய்ப் படுத்துவிடுவேன், யாருக்கும் சிரித்துக்காட்ட மாட்டேன்.

பகிடிக்கே இடம் கொடுக்கக் கூடாத ஒன்றும் இருக்கிறது. காமரங்கா, குறுக்கே வெட்டினால் நட்சத்திரம்போல் தெரியும் ஸ்டார் புரூட். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அந்தப் பழத்தின் நஞ்சு மூளையைத் தாக்கும். விக்கலில் தொடங்கி, மயக்கம், வலிப்பு என்று போய் உயிரையே எடுக்கலாம். "ஒரு துண்டுதானே" என்று யார் தட்டை நீட்டினாலும் தொடாதீர்கள்.

நீங்கள் இதைத் தொடங்குவதானால், பண்டிகைக்கு முன்பே உங்கள் எண்களை ஒரு தாளில் எழுதிப் பிரிட்ஜில் ஒட்டுங்கள். எவ்வளவு குடிக்கலாம், எது கூடாது என்பது போதும். பிறகு உறவுக்குள் அதிகம் கதைக்கிறவர் யாரோ, அவரிடம் முதலில் விளக்கிச் சொல்லுங்கள். மற்றவர்களுக்கு அவரே சொல்லி முடித்துவிடுவார். எங்கள் வீட்டில் அந்தப் பொறுப்பு மாமியுடையது. இப்போது யாராவது இளநியோடு வந்தால் வாசலிலேயே மறித்து, பொட்டாசியம் என்றால் என்னவென்று வகுப்பு எடுக்கிறார்.