எருக் குவியலுக்குள் வெப்பமானி குத்தும் மகள்

அம்மா,

போன கிழமை நீங்கள் வந்து சொன்னது மனதை விட்டுப் போகவில்லை. "சோதனைக்கு ஒன்பது மாசம்தான் கிடக்கு. இவள் விடியக் காலமை எருக் குவியலுக்குள்ள வெப்பமானியைக் குத்திக்கொண்டு நிக்கிறாள். இஞ்சினியரிங் வேண்டாம், கணிதம்தான் படிக்கப் போறன் எண்டுறாள்" என்று கண் கலங்கினீர்கள். நீங்கள் போன பிறகு, மகள் மேசையில் வைத்துவிட்டுப் போன கொப்பியைத் திறந்தேன்.

முதல் நாள் 32 பாகை. மூன்றாம் நாள் 51. ஆறாம் நாள் 64, ஏழாம் நாளும் 64. அன்று அப்பா குவியலைப் புரட்டிப் போட்டிருக்கிறார்: 47. இரண்டு நாளில் திரும்ப 60. கீழே பென்சிலால் ஒரு வரி: "ஏன் 64இல் நின்றது?"

இந்தக் கேள்வியைப் பிள்ளைக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. குழை தாழ்த்து, எருப் போட்டு வாழ்ந்த ஊர் எங்களுடையது. கம்பியைக் குத்தி இழுத்துத் தொட்டுப் பார்த்தே சூட்டை அறிவார்கள். மகள் அதற்கு மேலே ஒரு படி போயிருக்கிறாள்.

குவியலுக்குள் நுண்ணுயிர்கள் குழையையும் சாணத்தையும் உக்கவைக்கும்போது வெப்பம் பிறக்கிறது. சூடு ஏற அவற்றின் வேகமும் ஏறும். 60 பாகையைத் தாண்டிப் போகப் போகப் பெரும்பாலானவை சாகத் தொடங்கும். ஆகவே பிறக்கும் வெப்பத்தை வரைந்தால் மேடுபோல ஏறி இறங்கும். வெளியேறும் வெப்பமோ ஏறத்தாழ நேர்கோடு. மகள் பௌதிகவியலில் படித்த நியூட்டனின் குளிரல் விதிதான். இறங்குகிற வளைகோடும் இந்த நேர்கோடும் வெட்டும் இடத்தில் குவியல் நிற்கும். 64இன் கதை அதுதான்.

நீளம், அகலம், உயரம் மூன்றையும் இரட்டிப்பாக்கினால் வெப்பம் பிறக்கும் கனவளவு 8 மடங்கு, அது வெளியேறும் மேற்பரப்பு 4 மடங்கு மட்டுமே. ஆகவே குவியல் பெருக்கப் பெருக்கச் சூடும் கூடும். மிகப் பெரிய குவியலில் சூடு 80 பாகையளவுக்குப் போனால், நுண்ணுயிர் இல்லாமலே செலுலோசு ஒட்சிசனோடு தாக்கமடைந்து வெப்பம் விடும். அந்த வெப்பத்தின் கோடு மேடுபோல ஏறி இறங்காது, ஏறிக்கொண்டே போகும். குவியல் தானாகத் தீப்பற்றுவது இப்படித்தான். இந்த வகைக் கணக்குக்கு 1928இல் அடித்தளம் போட்டவர் சோவியத் விஞ்ஞானி செமெனோவ். 1956இல் இரசாயனவியலுக்கான நோபல் பரிசை இன்னொருவரோடு பகிர்ந்து பெற்றவரும் அவரே.

வேலை கிடைக்குமா என்று கேட்டீர்கள். எருக் குவியலுக்கென்று தனி உத்தியோகம் இல்லை. ஆனால் நிலக்கரிக் குவியல், தானியக் களஞ்சியம், குப்பைமேடு, மின்கலம் எல்லாவற்றிலும் அடிப்படைக் கணக்கு இதுதான். 2021இல் அரசாங்கத் தடையால் இரசாயன உரம் நின்றபோது தோட்டக்காரர் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். குவியல் 55 பாகையில் சில நாள் நின்றால்தான் நோய்க்கிருமியும் களைவிதையும் சாகும். அதைப் பெரிய அளவில் பிசகாமல் செய்ய, கணிக்கத் தெரிந்த ஆட்கள் வேண்டும்.

கணிதம் படித்தால் ரீச்சர் வேலைதான் என்பது பழைய கதை. அது நல்ல வேலை, ஆனால் ஒரே வழியல்ல. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடம் திருநெல்வேலியில், வீட்டிலிருந்தே போய்வரலாம். பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளி நன்றாக வந்து, உங்கள் மனம் பொறியியலையே நாடினால், மொறட்டுவையிலும் பேராதனையிலும் இரசாயன, செயன்முறைப் பொறியியல் இருக்கிறது. இதே சமன்பாடுகள் அங்கும் வரும். இரண்டில் எதுவென்று கேட்டால், இந்தப் பிள்ளைக்கு நான் கணிதத்தையே சொல்வேன். அந்தப் பென்சில் வரிதான் காரணம்.

இப்போதைக்கு வெப்பமானிக்குக் காலையில் பத்து நிமிடம் போதும். ரியூசனையும் இணைந்த கணிதப் பயிற்சியையும் அது தின்னக் கூடாது. இதை மகளிடம் நானே கண்டிப்பாகச் சொல்கிறேன். இந்தக் கணக்கைக் கணினியில் செய்யப் பைத்தன் என்ற நிரல்மொழியைப் பழகுவது சோதனை முடிந்த பிறகு.

சனிக்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். குவியலின் நீளம், அகலம், உயரத்தை அப்பாவைக்கொண்டு அளந்து எழுதி வரச் சொல்லுங்கள். கொப்பி என்னிடம் பத்திரமாக இருக்கிறது.