தோற்றவர்களுக்கு இடமில்லாத நகரங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இத்தாலியின் சியேனா நகர மாளிகையின் சுவரோவியங்கள் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். இத்தாலியக் கலை என்றாலே ஃப்ளோரன்ஸை ஆண்ட வங்கியாளர்களான மெடிச்சி குடும்பத்தின் கொடை என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவர்களுக்கு முன்பே இத்தாலிய நகரங்கள் தம்மைத் தாமே ஆண்டன என்கிறீர்கள். அப்படியானால் அவற்றில் பல ஏன் ஒவ்வொன்றாக ஒரு குடும்பத்தின் கையில் போய் விழுந்தன? அது மக்களாட்சிதானா, வெறும் வணிகர் ஆட்சியா?

வ.

அன்புள்ள வ.,

இரண்டாவது கேள்விக்கான பதில் எளிது. வணிகர் ஆட்சிதான். 1287 முதல் 1355 வரை சியேனாவை ஆண்ட ஒன்பதின்மர் குழுவில் பிரபுக் குலங்களுக்கு இடமில்லை, கூலித் தொழிலாளிக்கும் இடமில்லை. ஃப்ளோரன்ஸில் கம்பளித் தொழிலாளர்கள் 1378ல் கிளர்ந்தெழுந்த பிறகே ஆட்சியில் பங்கு பெற்றார்கள். அதுவும் நீடிக்கவில்லை.

ஆனால் அந்த வணிகர்கள் அதிகாரத்தை நம்பவே இல்லை. ஒன்பதின்மரின் பதவிக்காலம் இரண்டே மாதம். அது முடியும்வரை நகர மாளிகையிலேயே தங்கவேண்டும். நீதி வழங்க ‘பொதெஸ்தா’ என்ற அதிகாரியை வேற்றூரிலிருந்து வரவழைத்தார்கள், உள்ளூரில் மாமன் மச்சான் இருக்கக்கூடாது என்பதற்காக. நீதிபதிகளையும் காவலர்களையும் அவரே கூட்டிவருவார். பல ஊர்களில் குடிமக்களோடு அவர் விருந்துண்ணவும் தடை. பதவி முடிந்ததும் கிளம்பிவிட முடியாது. அவர்மேல் வந்த புகார்களை விசாரித்துக் கணக்கை முடிக்கும்வரை ஊரிலேயே இருக்கவேண்டும். இந்த ஏற்பாட்டின்மேல் எனக்குப் பெருமதிப்பு உண்டு.

ஆள்பவரை இப்படிக் கட்டிப்போட்டவர்கள், தோற்றவரை என்ன செய்வது என்பதற்கு மட்டும் வழி காணவில்லை. தோற்ற கட்சியை ஊரைவிட்டுத் துரத்தினார்கள், சொத்தைப் பறித்தார்கள், வீட்டை இடித்தார்கள். கவிஞர் தாந்தே 1300 ஜூன் நடுவிலிருந்து இரண்டு மாதம் ஃப்ளோரன்ஸின் ஆறு ஆட்சியாளர்களில் ஒருவர். மறு ஆண்டு நவம்பரில் பிரெஞ்சு இளவரசர் சார்லஸ் படையோடு வந்தார். அவர் தயவில் எதிர்க்கட்சி திரும்பிவந்தது. 1302 ஜனவரியில் தாந்தேமேல் ஊழல் குற்றம் சாட்டி அபராதம் விதித்தார்கள். அவர் பணியவில்லை. பிடிபட்டால் உயிரோடு எரிக்கவேண்டும் என்று மார்ச்சில் தீர்ப்பு. அதன்பின் அவர் சொந்த ஊரைப் பார்க்கவே இல்லை. 1321ல் ராவென்னாவில் இறந்தார்.

துரத்தப்பட்டவர்கள் எல்லோரும் கவிதை எழுதவில்லை. பக்கத்து நகரத்தில் கூடிப் படை திரட்டினார்கள். இப்படி ஒவ்வொரு ஆட்சி மாற்றமும் போராக ஆனபோது, ஒரு குடும்பம் நிரந்தரமாக ஆண்டால் போதும் என்று பலருக்குத் தோன்றியிருக்கிறது. 1264ல் ஃபெராரா நகரத்தில் எஸ்தே குடும்பத்தின் ஒபிட்ஸோவைத் தலைவராக அறிவித்தது மக்கள் சபைதான். ஆயுதபாணிகள் சூழ நின்ற சபை அது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

நீங்கள் குறிப்பிடும் சுவரோவியம், 1338-39ல் ஓவியர் லொரென்செத்தி வரைந்தது, ஒன்பதின்மர் கூடிய அறையிலேயே இருக்கிறது. நீதியின் தராசுத் தட்டுகளிலிருந்து இறங்கும் கயிறுகளை ஒற்றுமை என்ற பெண் சேர்த்துப் பிடித்து, வரிசையாக நிற்கும் 24 குடிமக்களிடம் தருகிறாள். அவள் மடியில் தச்சரின் இழைப்புளி, மேடு பள்ளத்தைச் சீவிச் சமமாக்க. அடுத்த சுவரில், நகர வாயிலுக்கு வெளியே பறக்கும் ‘பாதுகாப்பு’ என்ற பெண்ணின் கையில் தூக்குமரம், அதில் தொங்கும் ஒருவன். ஒற்றுமைக்கு வெளியே யார் நிறுத்தப்பட்டார்கள் என்பதை ஓவியர் மறைக்கவில்லை.

மெடிச்சி விஷயத்துக்கு வருகிறேன். ஃப்ளோரன்ஸ் பேராலயம் 1296ல் தொடங்கியது. 1331ல் அதன் கட்டுமானப் பொறுப்பைக் கம்பளி வணிகர் சங்கம் ஏற்றது. ஓவியர் ஜொத்தோ அதன் மணிக்கோபுரத்தை 1334ல் ஆரம்பித்தார். மெடிச்சிகள் ஆட்சியைப் பிடிக்க அதற்குப் பிறகு நூறாண்டு ஆனது. அவர்கள் வந்ததும் அதே பழைய பாதையில்தான்: 1433ல் கொசிமோ மெடிச்சியை எதிரிகள் நாடு கடத்தினார்கள், 1434ல் திரும்பிவந்து அவர் தன் எதிரிகளை நாடு கடத்தினார்.