பாடல் வரி இல்லாத போராட்டம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நாடு கடந்து வாழ்ந்த தென்னாப்பிரிக்க ஜாஸ் கலைஞர்கள் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். பாடகி மிரியம் மகேபா 1963இல் ஐ.நா.வில் நிறவெறி அரசுக்கு எதிராகப் பேசினார். அது போராட்டம், சரி. ஆனால் சூரிச்சிலும் லண்டனிலும் இரவு விடுதிகளில் வெறும் வாத்தியம் வாசித்தவர்களை எப்படி அந்த வரிசையில் சேர்ப்பது? அவர்கள் தப்பித்துப் போனவர்கள்தானே?

ஒரு வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

ப்ளூ நோட்ஸ் என்ற தென்னாப்பிரிக்க ஜாஸ் குழுவையே எடுத்துக்கொள்வோம். பியானோ வாசித்த கிறிஸ் மெக்கிரெகர் வெள்ளையர், மற்ற ஐவரும் கறுப்பர்கள். இன்ன நிறத்தவர் இன்ன இடத்தில்தான் வாழலாம் என்று சட்டம் போட்ட நாட்டில், இந்த ஆறு பேரும் ஒன்றாக மேடை ஏறுவதே அரசை எதிர்ப்பதுதான். அவர்கள் தனியாக எதையும் முழங்க வேண்டியதில்லை. 1964இல் பிரான்சின் ஆன்டீப் ஜாஸ் விழாவுக்குப் போனவர்கள், குழுவாகத் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால் சேர்ந்து வாசிக்க விட்டிருக்க மாட்டார்கள்.

அதற்கு அவர்கள் கொடுத்த விலையைப் பாருங்கள். குழுவில் சாக்ஸபோன் வாசித்த நிகேலே மொயாகே ஊருக்கே திரும்பிப் போய், சீக்கிரமே இறந்துபோனார். டிரம்பெட் வாசித்த மொங்கேசி ஃபேசா 1975இல் லண்டனில் இறந்தபோது வயது 30. பாஸ் வாசித்த ஜானி டியானி 1986இல் இறந்தார். மண்டேலா விடுதலையானது 1990 பிப்ரவரியில். அதே ஆண்டு மே மாதம் மெக்கிரெகரும், ஜூனில் சாக்ஸபோன் வாசித்த டூடு புக்வானாவும் இறந்துபோனார்கள். நிறவெறி ஆட்சி முடிந்தபின் சொந்த நாட்டில் மறுபடி குடியேறியவர் டிரம்மர் லூயி மொஹோலோ ஒருவர்தான், அதுவும் 2005இல். இதைத் தப்பித்தல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதற்காக, சாக்ஸபோன் கலைஞர் கிப்பி மொயகெட்ஸி மாதிரி அங்கேயே இருந்து வாய்ப்பில்லாமல் தேய்ந்துபோன மேதைகளை நான் ஒரு படி கீழே வைக்கவும் மாட்டேன்.

அப்புறம், பாடல் வரி இல்லாதது பற்றி. கேப் டவுனின் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் பகுதியை 1966இல் வெள்ளையருக்கு மட்டும் என்று அறிவித்து, அங்கிருந்த குடும்பங்களை ஊருக்கு வெளியே துரத்தினார்கள். அப்படித் துரத்தப்பட்டவர்கள் போய்ச் சேர்ந்த குடியிருப்புகளில் ஒன்று மானன்பெர்க். 1962இல் சூரிச்சுக்குப் போன பியானோ கலைஞர் அப்துல்லா இப்ராகிம், 1974இல் கேப் டவுனுக்கு வந்திருந்தபோது அந்தப் பேரிலேயே ஓர் இசையைப் பதிவு செய்தார். 13 நிமிடத்துக்கும் மேல் ஓடும். 1980களில் அரசுக்கு எதிரான கூட்டங்களில் ஜனங்கள் அதைத் தங்கள் கீதமாகவே எடுத்துக்கொண்டார்கள். பதிவில் சாக்ஸபோன் வாசித்த பேசில் கூட்சேயே அந்த மேடைகளில் ஏறி வாசித்தார். தணிக்கைக்காரன் வெட்டுவதற்கு அதில் எந்த வரி இருக்கிறது?

முதலில் மானன்பெர்க்கைக் கேளுங்கள். பிறகு, ஃபேசாவின் நினைவுக்கூட்டம் நடந்த 1975 டிசம்பர் 23 அன்றே, மெக்கிரெகர், புக்வானா, டியானி, மொஹோலோ நால்வரும் ஓர் ஒத்திகை அறைக்குப் போய் நண்பனுக்காக வாசித்த பதிவைத் தேடிக் கேளுங்கள். எந்த ஏற்பாடும் இல்லாமல் மனம் போனபடி வாசித்தது அது. பழக்கமில்லாத காதுக்கு முதல் சில நிமிடங்கள் கடினம்தான், பாதியில் நிறுத்திவிடாதீர்கள். கேட்டுவிட்டு மறுபடி எழுதுங்கள்.