சக்கரம் நிற்காமல் சுற்றினால் நல்ல சைக்கிளா?

கேள்வி: மகனுக்கு 26 அங்குல சைக்கிள் வாங்க சுங்கை சிப்புட் கடைக்குப் போனோம். இரண்டு சைக்கிள்களின் முன்சக்கரத்தையும் தூக்கிச் சுற்றிவிட்டுக் காட்டினார்கள். விலை கூடியது சீக்கிரம் நின்றுவிட்டது. மலிவானது சுற்றிக்கொண்டே இருந்தது. எதை நம்புவது?

பதில்: அந்தச் சுற்றலை வைத்து மட்டும் முடிவெடுக்காதீர்கள். தூக்கிப் பிடித்த சக்கரத்தின் மேல் பாரம் கிடையாது. அதை நிறுத்துவது பேரிங்குக்குள் இருக்கும் கிரீஸும், தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் சீலும், எங்காவது உரசும் பிரேக்கும்தான். புது கிரீஸ் நிறைய வைத்து, சீலும் போட்ட ஹப் (சக்கரத்தின் நடுவில் ஆக்சிலைச் சுற்றியிருக்கும் பகுதி) சீக்கிரம் நிற்பது இயல்பு. கிரீஸைப் பெயருக்குத் தடவிய, சீல் இல்லாத ஹப் வெகுநேரம் சுற்றும். முதல் அடைமழையில் தண்ணீர் புகுவதும் அதில்தான். பையன் ஏறி உட்கார்ந்து ஓட்டும்போது அவனை இழுத்துப் பிடிப்பது டயரும் எதிர்க்காற்றும். நல்ல நிலையில் உள்ள ஹப்பின் பங்கு மிகச் சொற்பம். காற்று குறைந்த டயர் அதைவிடப் பல மடங்கு கால் வலியைக் கொடுக்கும்.

கடையிலேயே வேறு மூன்று சோதனைகள் செய்யலாம். சக்கரத்தை மெதுவாக அசைத்துவிட்டு விடுங்கள். வால்வோ ரிஃப்ளெக்டரோ, எது கனமோ அந்தப் பக்கம் தானாகக் கீழே இறங்கி, முன்னும் பின்னும் ஆடி நிற்க வேண்டும். விட்ட இடத்திலேயே நின்றால், பேரிங் குண்டுகளை அழுத்திப் பிடிக்கும் கூம்பு வடிவ நட்டான கோன் இறுக்கமாக இருக்கிறது, அல்லது பிரேக் உரசுகிறது. அடுத்து, ரிம்மைப் பிடித்துப் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். ‘டக் டக்’ என்று ஆடினால் கோன் தளர்ந்திருக்கிறது. கடைசியாக, சக்கரத்தைக் கழற்றித் தரச் சொல்லி ஆக்சிலை இரண்டு விரலால் திருப்புங்கள். கிரீஸின் வழவழப்பு தெரியலாம், தவறில்லை. மணல் அரைபடுவது போலத் தட்டுப்பட்டால் வேண்டாம்.

மலிவு சைக்கிள்களில் அதிகம் காண்பது கோனை அளவுக்கு மீறி இறுக்கிய ஹப். அப்படியே ஓட்டினால் கோனில் சிறு குழிகள் விழுந்துவிடும்; பிறகு தளர்த்தியும் பயனில்லை. ஆகவே பணம் கட்டும் முன் சரிசெய்யச் சொல்லுங்கள். முன்பக்கக் கோனுக்குப் பெரும்பாலும் 13 மி.மீ., பின்பக்கத்துக்கு 15 மி.மீ. மெல்லிய ஸ்பேனர் வேண்டும். தடித்த ஸ்பேனர் உள்ளே நுழையாது. லீவரைத் திருப்பிக் கழற்றும் குயிக் ரிலீஸ் சக்கரமென்றால், வெளியே இருக்கும்போது மயிரிழை ஆட்டம் விட்டுவைக்க வேண்டும். லீவரை இறுக்கியதும் ஆக்சில் சற்று அமுங்கி அந்த ஆட்டம் போய்விடும். நட் போட்ட ஆக்சிலுக்கு இந்தக் கணக்கு தேவையில்லை.

கேள்வி: தினமும் செம்பனைத் தோட்டத்துச் செம்மண் சாலையில் ஓட்டுகிறேன். கோன்-கப் ஹப் நல்லதா, சீல்டு பேரிங் நல்லதா?

பதில்: கோன்-கப் ஹப்பில் குண்டுகள் தனித்தனியாக, கப் எனும் கிண்ணத்துக்கும் கோனுக்கும் இடையே ஓடும்; சீல்டு பேரிங் என்பது குண்டும் வளையமும் சேர்ந்த ஒரே மூடிய துண்டு. சேற்றில் ஓட்டிவிட்டு அப்படியே நிறுத்திவைப்பவர் என்றால் சீல்டு பேரிங். கழற்றி கிரீஸ் போடும் பழக்கம் இருந்தால் கோன்-கப் போதும், செலவும் குறைவு.

கோன்-கப்பில் வழக்கமாக முன்பக்கம் 3/16 அங்குலக் குண்டு, ஒரு பக்கத்துக்கு 10. பின்பக்கம் 1/4 அங்குலம், ஒரு பக்கத்துக்கு 9. கழற்றும்போது எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். கப்பை மண்ணெண்ணெயில் கழுவி, நன்றாகக் காயவைத்து, கிரீஸ் பூசிக் குண்டுகளைப் பதியுங்கள். வளையத்தில் சின்ன இடைவெளி மிஞ்சுவது சரிதான், அதில் இன்னொன்றைத் திணிக்காதீர்கள். குண்டுகளை மொத்தமாக மாற்றுங்கள். பழையதும் புதியதும் கலந்தால் பாரம் சமமாக இறங்காது. கோனில் குழி விழுந்திருந்தால் கோனை மட்டும் மாற்றலாம். கப்பிலேயே குழி என்றால் பெரும்பாலும் ஹப்பையே மாற்ற வேண்டிவரும். ஆகவே கூலி பேசும் முன் கப்பை டார்ச் அடித்துப் பாருங்கள்.

சீல்டு பேரிங்கின் அளவு அதன் விளிம்பிலேயே இருக்கும். 6001-2ஆர்எஸ் என்றால் உள்விட்டம் 12, வெளிவிட்டம் 28, அகலம் 8 மி.மீ.; இருபுறமும் ரப்பர் சீல். பேரிங் விற்கும் கடையில் எண்ணைச் சொன்னால் போதும். புதியதைப் பொருத்தும்போது வெளிவளையத்தில்தான் அழுத்த வேண்டும். உள்வளையத்தைச் சுத்தியலால் தட்டினால், தட்டிய வேகம் முழுவதும் குண்டு வழியாக அது ஓடும் பாதையில் இறங்கி, புது பேரிங் அன்றைக்கே கெட்டுவிடும்.

எந்த வகையானாலும், கார் கழுவும் வாட்டர் ஜெட்டை ஹப்பை நோக்கிப் பிடிக்காதீர்கள். மழையை விட அதுதான் அதிகம் கெடுக்கிறது.

கேள்வி: ஆன்லைனில் ‘ஏபெக் 7’ பேரிங், செராமிக் பேரிங் என்று விற்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். ஏபெக் என்பது அளவுத் துல்லியத்தைச் சொல்லும் தரம். நிமிடத்துக்குப் பல்லாயிரம் சுற்று ஓடும் இயந்திரங்களில்தான் அது பேசும். 25 கி.மீ. வேகத்தில் உங்கள் சக்கரம் ஓடுவது நிமிடத்துக்கு ஏறக்குறைய 200 சுற்று. செராமிக் என்று விற்பதில் பெரும்பாலும் குண்டு மட்டுமே செராமிக், வளையம் எஃகு, அது துருப்பிடிக்கும். அந்தக் காசுக்கு நல்ல டயர் வாங்குங்கள்.

கேள்வி: புது சைக்கிள், இரண்டே வாரத்தில் பின்சக்கரம் ஆடுகிறது. கடைக்காரர் கைவிரிக்கிறார்.

பதில்: உடனே ஓட்டுவதை நிறுத்துங்கள்; ஆட்டத்தோடு ஓட்டினால் கப் போய்விடும், பழியும் உங்கள் மேல் திரும்பும். ஆடுவதை வீடியோ எடுத்து, ரசீதோடு கடைக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். கடைக்காரர் அசையவில்லை என்றால் மலேசியப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனு செய்யலாம். கட்டணம் 5 வெள்ளி (ரிங்கிட்). 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை விசாரிப்பார்கள், வழக்கறிஞர் வைக்கத் தேவையில்லை. ரசீதின் எழுத்து மங்கும் முன் அதைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.