‘தி மால்டீஸ் ஃபால்கன்’ படமானபோது இழந்தது என்ன?

டாஷியல் ஹாமெட்டின் ‘தி மால்டீஸ் ஃபால்கன்’ (1930) நாவல், 1941இல் ஜான் ஹூஸ்டன் இயக்கத்தில் படமானபோது எதையாவது இழந்ததா என்று கேட்டிருக்கிறீர்கள். இழந்தது என்றே கருதுகிறேன். முடிவைத் தொடாமல் இதை விளக்க இயலாது; நாவலை இன்னும் படிக்காதவர்கள் படித்துவிட்டு வருவது நல்லது.

உரையாடல்களில் பெரும்பகுதி ஏறத்தாழ அப்படியே திரைக்கு வந்திருக்கிறது. துப்பறிவாளர் சாம் ஸ்பேட்டின் மனத்துக்குள் ஹாமெட் ஓரிடத்திலும் நுழைவதில்லை என்பதே அதை எளிதாக்கியது. கூட்டாளி கொல்லப்பட்ட செய்தியை நள்ளிரவில் தொலைபேசியில் கேட்ட ஸ்பேட், சிகரெட் சுருட்டும்போது அவருடைய விரல்கள் இயங்கும் விதத்தை ஹாமெட் நிதானமாக விவரிக்கிறார். அது துக்கமா, வேறெதுவுமா என்று நாம்தான் ஊகிக்க வேண்டும். கேமராவும் அப்படி வெளியில் நின்றுதானே பார்க்கிறது! நாவலின் ஸ்பேட் வெளிர்நிற முடி கொண்டவர், ஹம்ஃப்ரி போகார்ட் அப்படியில்லை. அது எனக்குக் குறையாகப் படவில்லை.

படம் விட்டுவிட்டது ஃபிளிட்கிராஃப்ட்டின் கதையை. ஏழாம் அத்தியாயத்தில் ஸ்பேட் அதை, தன்னிடம் உதவி கேட்டு வந்த பிரிஜிட் என்ற பெண்ணிடம் சொல்கிறார். டக்கோமா நகரில் வீட்டுமனைத் தொழில் செய்த அம்மனிதர், கட்டடத்திலிருந்து விழுந்த உத்தரம் ஒன்றில் மயிரிழையில் தப்பியதும், வாழ்க்கை வெறும் தற்செயல்தான் என்று உணர்ந்து, மனைவி மக்களை விட்டு அன்றே ஊரைவிட்டுப் போய்விடுகிறார். ஆனால் சில ஆண்டுகளுக்குப் பின் வேறொரு நகரில், வேறொரு மனைவியுடன், பழைய வாழ்க்கையையே வாழ்ந்துகொண்டிருக்கிறார். உத்தரங்கள் விழுவதற்குத் தன்னைப் பழக்கிக்கொண்டவர், அவை மேற்கொண்டு விழாதபோது அதற்கும் பழகிக்கொண்டார் என்கிறார் ஸ்பேட். பிரிஜிட் அதைப் பொருட்படுத்தவே இல்லை.

இக்கதையின் எதிரொலி நாவலின் கடைசிப் பக்கத்தில் கேட்கிறது. படமோ, கூட்டாளியைக் கொன்றவர் என்று ஸ்பேட் பிடித்துக்கொடுத்த பிரிஜிட் காவலருடன் லிஃப்ட்டில் இறங்க, அதன் கம்பிக்கதவின் நிழல் அவர் முகத்தில் விழும் அழகிய காட்சியோடு ஸ்பேட்டை நிமிர்ந்தவராகவே விட்டுவிடுகிறது. நாவலில் மறுநாள் விடிகிறது. ஸ்பேட் செய்தது சரியே என்று ஒப்புக்கொள்ளும் செயலாளர் எஃபி, இப்போது தன்னைத் தொட வேண்டாம் என்று விலகுகிறார். ஸ்பேட்டின் முகம் வெளுக்கிறது. அப்போது கதவருகே வந்து நிற்பவர், அவர் தவிர்க்க முயன்றுகொண்டிருந்த இவா. கொல்லப்பட்ட கூட்டாளியின் மனைவி; ஸ்பேட்டுடன் முன்பே உறவு கொண்டிருந்தவர். உடல் நடுங்க, அவரை உள்ளே அனுப்பச் சொல்கிறார் ஸ்பேட்.